ஓட்டு சிதறுகிறது, சீட்டு சிதறுவதில்லை

2019 ஏப்ரல் 18 அன்று, சென்னைக்கு மேற்கே உள்ள குமணன்சாவடி வாக்காளர்களுக்கு இரண்டு ஓட்டு. ஒன்று திருவள்ளூர் மக்களவைத் தொகுதிக்கு. மற்றொன்று பூந்தமல்லி சட்டமன்றத் தொகுதியின் இடைத்தேர்தலுக்கு. 2016இல் சுமார் 12 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் அதிமுக சார்பில் வென்ற டி.ஏ.ஏழுமலை, டி.டி.வி.தினகரன் பக்கம் போன 18 எம்எல்ஏக்களில் ஒருவராக 2017 செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்டதால் வந்த இடைத்தேர்தல் அது. இரண்டு தேர்தலிலும் திமுக அணியே ஜெயித்தது. சட்டமன்றத் தொகுதியை திமுகவின் ஆ.கிருஷ்ணசாமி சுமார் 60 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் பிடித்தார்.

மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் படம் வேறு. அந்த ஆண்டு அதிமுக வென்ற மக்களவைத் தொகுதி தேனி ஒன்றுதான். ஆனால் ஏப்ரலிலும் மே மாதத்திலும் நடந்த 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் 9 இடங்களை அதே கட்சி பிடித்தது. எடப்பாடி பழனிசாமியின் ஆட்சி தப்பியது. டெல்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு ஒரு கணக்கு என்று வாக்காளர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பரம்பரையாக ஒரே சின்னத்தில் குத்தும் பழக்கம் தளர்ந்திருப்பதற்கு இது ஓர் அடையாளம்.

இதே தளர்ச்சியைத்தான் ஐரோப்பிய நாடுகள் பல ஆண்டுகளாகப் பேசி வருகின்றன. பெரிய கட்சிகள் சுருங்குகின்றன, புதுக் கட்சிகள் முளைக்கின்றன, ஆட்சி அமைக்க மாதக்கணக்கில் ஆகிறது. நம்மூரிலும் வாக்காளர் அதே திசையில்தான் நகர்கிறார். ஆனாலும் தேர்தல் முடிந்த மறுநாள் ஒரே அணி அத்தனையையும் அள்ளியது என்றே தலைப்புச் செய்தி வருகிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்?

ஐரோப்பாவில் என்ன நடந்தது?

ஜெர்மனியில் 1972 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகள், அதாவது கிறிஸ்தவ ஜனநாயக அணியும் சமூக ஜனநாயகக் கட்சியும், சேர்ந்து 90 சதவீதத்துக்கும் மேல் வாங்கின. 2025 பிப்ரவரியில் அதே இரண்டும் சேர்ந்து வாங்கியது 45 சதவீதம். இடையில் சரிந்த பாதி பசுமைக் கட்சி, இடதுசாரிக் கட்சி, தீவிர வலதுசாரியான ஏஎஃப்டி என்று பல திசைகளில் போய்விட்டது. ஏஎஃப்டி மட்டும் 20.8 சதவீதம் வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தது.

நெதர்லாந்தில் 150 உறுப்பினர் அவைக்கு 2023 நவம்பரில் 15 கட்சிகள் நுழைந்தன. முதலிடம் பிடித்த கட்சிக்குக் கிடைத்தது 37 இடம். நான்கு கட்சிகள் பேசி முடித்துப் பதவியேற்க 2024 ஜூலை ஆகிவிட்டது. அந்த அரசு ஓராண்டு கூடத் தாங்கவில்லை; 2025 ஜூனில் கவிழ்ந்து, அக்டோபரில் மறுபடி தேர்தல். பெல்ஜியம் 2010 தேர்தலுக்குப் பிறகு 541 நாள் முழுமையான அரசு இல்லாமலே இருந்தது.

பிரிட்டன் விதிவிலக்கு. அங்கும் நம்மைப் போலவே ஒவ்வொரு தொகுதியிலும் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கும் முறை. 2024 ஜூலையில் தொழிற்கட்சி வாங்கிய வாக்கு 34 சதவீதத்துக்கும் குறைவு. பிடித்த இடங்கள் 650இல் 411. நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீதம் வாக்கு விழுந்தும் கிடைத்தவை 5 இடங்கள்தான். அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கோ 72 இடங்கள். அவர்களின் ஓட்டு சில பகுதிகளில் குவிந்திருந்தது. ரிஃபார்ம் கட்சியின் ஓட்டு நாடெங்கும் பரவிக் கிடந்தது.

2024: நம் கணக்கு

பிரிட்டனில் ஓட்டுப்போடுவதற்கு இரண்டரை மாதம் முன்பு தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தலில் நடந்ததைப் பார்ப்போம். திமுக அணி 47 சதவீத வாக்குக்கு 39 தொகுதிகளையும் பிடித்தது. அதிமுக அணிக்கு 23 சதவீதம், பாஜக அணிக்கு 18 சதவீதம், தனித்து நின்ற நாம் தமிழர் கட்சிக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல். மூவருக்கும் கிடைத்தது பூஜ்யம். ஓட்டுப்போட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தேர்ந்தெடுக்காத அணியின் கையில் அத்தனை இடமும் போனது.

ஜெயித்த அணியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த 39 பேரும் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்லர். உதயசூரியன் சின்னத்தில் 22 பேர் (அதில் ஒருவர் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்காரர்), காங்கிரஸ் 9, விசிக, இந்திய கம்யூனிஸ்ட், மார்க்சிஸ்ட் ஆகியவற்றுக்குத் தலா 2, மதிமுக 1, முஸ்லிம் லீக் 1.

அரசியல் அறிஞர்கள் ஒரு நாட்டில் கணக்கில் கொள்ளத்தக்க கட்சிகள் எத்தனை என்று அளக்க ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். லாக்சோவும் டாகெபெராவும் 1979இல் முன்வைத்தது. ஒவ்வொரு கட்சியின் வாக்கு விகிதத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, ஒன்றை அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சம பலமுள்ள இரண்டு கட்சிகள் மட்டும் இருந்தால் விடை 2. தமிழ்நாட்டின் 2024 வாக்குகளை இப்படிப் போட்டுப் பார்த்தால் விடை ஆறரைக்குச் சற்று மேல் வருகிறது. ஜெர்மனியின் 2025 தேர்தலுக்கு அதே கணக்கு ஐந்தரை அளவில் நிற்கிறது. கட்சிக்குக் கட்சி தொகுதிகளைப் பங்குபோட்டுக்கொள்வதால் நம் எண் கொஞ்சம் ஊதிப்போகிறது என்பது உண்மைதான். அதைக் கழித்துவிட்டு அணிகளாகப் பார்த்தாலும் களத்தில் நான்கு முனைப் போட்டி இருந்தது.

ஓட்டுப் பிரிந்ததால்தான் தோற்றார்களா?

தேர்தல் முடிந்ததும் டீக்கடையில் தொடங்கி டிவி விவாதம் வரை முதலில் வரும் பேச்சு, "ஓட்டு பிரிஞ்சிருச்சு" என்பது. சில இடங்களில் அது சரி. சில இடங்களில் தோற்றவர்களின் ஆறுதல்.

குமணன்சாவடி இருக்கும் திருவள்ளூர் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். 2024இல் காங்கிரஸின் சசிகாந்த் செந்தில் சுமார் 7.97 லட்சம் வாக்கு வாங்கினார். பாஜகவுக்கு 2.25 லட்சம், அதிமுக அணியில் நின்ற தேமுதிகவுக்கு 2.24 லட்சம். இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையே ஆயிரம் ஓட்டு கூட வித்தியாசமில்லை. நாம் தமிழருக்குச் சுமார் 1.2 லட்சம். இந்த மூவரின் வாக்கையும் ஒன்றாகக் கொட்டினாலும் 5.7 லட்சம்தான், வென்றவரை எட்டவில்லை. செந்திலின் வாக்கு பாதிக்கும் மேல் என்பதால் எதிரணி ஒன்றாக நின்றிருந்தாலும் இங்கே முடிவு மாறியிருக்காது. பிரிந்து நின்றதால் நடந்தது ஒன்றே: பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்கு எடுக்காததால் அத்தனை பேருக்கும் டெபாசிட் போனது.

விருதுநகர் கதை வேறு. அங்கே காங்கிரஸின் மாணிக்கம் தாகூர் வென்றது 4,379 வாக்கு வித்தியாசத்தில். இரண்டாம் இடம் தேமுதிகவின் விஜய பிரபாகரன். மூன்றாவதாக வந்த பாஜகவின் ராதிகாவுக்கு 1.66 லட்சம் ஓட்டு. தர்மபுரியிலும் அப்படித்தான். திமுகவிடம், பாஜக அணியில் நின்ற பாமகவின் சௌமியா அன்புமணி சுமார் 21 ஆயிரம் வாக்கில் தோற்றார். மூன்றாவதாக வந்த அதிமுகவுக்கு 2.9 லட்சத்துக்கு மேல் விழுந்திருந்தது. 2023 செப்டம்பரில் அதிமுகவும் பாஜகவும் பிரிந்ததன் விலை இந்த இரண்டு தொகுதிகளில் கண்கூடாகத் தெரிந்தது. 2025 ஏப்ரலில் அவை மறுபடி கைகோத்ததற்கு இந்தக் கூட்டல் கணக்கு முக்கியக் காரணம்.

கூட்டல் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு கட்சியின் ஓட்டு அப்படியே கூட்டணிக் கட்சிக்குப் போய்விடும் என்பது அதன் அடிப்படை. அதிமுகவுக்குப் போடுகிறவர்களில் ஒரு பகுதியினர் பாஜக சின்னத்தில் போடத் தயங்குவார்கள். வட மாவட்டங்களில் பாமகவும் விசிகவும் ஒரே மேடையில் இருந்தால் இரு பக்கத் தொண்டர்களுமே சோர்ந்துபோவார்கள். ஓட்டு மாற்றம் நடந்ததா என்று கட்சிக்காரர்கள் பாகம் வாரியாக எண்ணிக்கைத் தாளைப் புரட்டிப் பார்ப்பது இதனால்தான்.

கூட்டணி: முன்பா, பின்பா?

ஐரோப்பாவில் விகிதாசார முறை உள்ள நாடுகளில் கட்சிகள் தனித்தனியாக நின்று, வாங்கிய வாக்குக்கேற்ப இடம் பெற்று, அதன்பிறகு ஆட்சிக்காகப் பேரம் பேசுகின்றன. வாக்காளர் தனக்குப் பிடித்த கட்சிக்கே போடலாம். ஆனால் அந்தக் கட்சி யாரோடு போய்ச் சேரும் என்பது ஓட்டுப்போடும்போது தெரியாது.

நம்மிடம் பேரம் முதலில் முடிந்துவிடுகிறது. ஜனவரி தொடங்கி மார்ச் வரை திமுகவின் அறிவாலயத்திலும் அதிமுகவின் ராயப்பேட்டை அலுவலகத்திலும் ஓட்டல் அறைகளிலும் சீட்டுப் பங்கீடு நடக்கும். யார் யாரோடு என்பது வாக்காளருக்கு முன்பே தெரியும். ஆனால் தன் கட்சியின் சின்னமே தன் தொகுதி இயந்திரத்தில் இல்லாமல் போகலாம். பூந்தமல்லியில் 2021இல் அதிமுகக்காரர்களுக்கு இரட்டை இலை கிடைக்கவில்லை. தொகுதி பாமகவுக்குப் போயிருந்தது. திமுகவின் கிருஷ்ணசாமி சுமார் 1.5 லட்சம் வாங்க, பாமக வேட்பாளருக்கு 55 ஆயிரம். வித்தியாசம் 94 ஆயிரம். 2016இல் இதே தொகுதியில் இரட்டை இலைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் விழுந்திருந்தது.

தேர்தலுக்குப் பிறகான பேரமும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1952இல் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152தான். ராஜாஜி வந்து, மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி உள்ளிட்டோரைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைத்தார். 2006இல் 234இல் 96 மட்டுமே பிடித்த திமுக, 34 இடம் வைத்திருந்த காங்கிரஸின் ஆதரவில் ஐந்தாண்டையும் ஓட்டியது. அந்த ஐந்தாண்டும் "மைனாரிட்டி திமுக அரசு" என்றே ஜெயலலிதா சொல்லிக்கொண்டிருந்தார். அரசு கவிழாததற்கு ஒரு காரணம், ஆதரவு தந்தவர்கள் தேர்தலுக்கு முன்பே அணியில் இருந்தவர்கள் என்பது.

இன்னொரு பூட்டும் உண்டு: 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். நெதர்லாந்தில் கட்சியோடு சண்டைபோட்டு விலகும் உறுப்பினர் தன் இடத்தை வைத்துக்கொண்டே தனியாக உட்காரலாம். இங்கே பதவி போய்விடும். பூந்தமல்லிக்கு இடைத்தேர்தல் வந்ததே அப்படித்தான். வெற்றிக்குப் பிறகு உடைவது ஆபத்து என்பதால் நம் கட்சிகள் தேர்தலுக்கு முன்பே உடைந்து, தேர்தலுக்கு முன்பே ஒட்டிக்கொள்கின்றன.

வாக்காளர் ஏன் மாறுகிறார்?

மேற்கு ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஒருவர் எந்த ஆலையில் வேலை செய்கிறார், எந்த தேவாலயத்துக்குப் போகிறார் என்று தெரிந்தால் யாருக்கு ஓட்டு என்று சொல்லிவிடலாம். தொழிற்சங்கமும் தேவாலயமும் கட்சியின் கைகளாக இருந்தன. 1967இல் லிப்செட், ரொக்கான் என்ற இரண்டு அறிஞர்கள், 1960களின் கட்சி அமைப்பு இன்னும் 1920களின் சமூகப் பிளவுகளையே காட்டுகிறது என்று எழுதினார்கள். அவர்கள் எழுதி முடித்த சில ஆண்டுகளிலேயே அது இளகத் தொடங்கியது. ஆலைகள் மூடின, படிப்பு பரவியது, தேவாலயம் காலியானது. குடியேற்றம், பருவநிலை, ஐரோப்பிய ஒன்றியம் என்று பழைய இடது, வலதுக்குள் அடங்காத கேள்விகள் வந்தன.

சென்னையின் மேற்குப் பகுதிக்கு இது அந்நியமான கதையல்ல. ஆவடி டாங்கித் தொழிற்சாலையும், அம்பத்தூர் தொழிற்பேட்டையும், டன்லப், டிஐ சைக்கிள்ஸ் போன்ற ஆலைகளும் நிரந்தர வேலையும் சங்கமும் கொண்ட ஒரு தலைமுறையை உருவாக்கின. சங்கக் கொடி எந்த நிறமோ அதைச் சுற்றி ஒரு தெருவே ஓட்டுப்போட்ட காலம் உண்டு. பின்னாளில் டன்லப் மூடப்பட்டது. இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கும் கிண்டி, போரூர் ஐடி அலுவலகங்களுக்கும் போகிறவர்கள் காட்டுப்பாக்கத்திலும் கரையான்சாவடியிலும் அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். ஷிப்ட் பேருந்தில் ஏறுகிறவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்குச் சங்கம் இல்லை. எதிர் வீட்டுக்காரர் தென் மாவட்டத்துக்காரர். ஓட்டு இன்னும் ஊரில் இருக்கிறது. கட்சியின் வட்டச் செயலாளருக்குப் பழைய தெருவில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அடுக்குமாடியில் வாசல் காவலரைத் தாண்டிப் போவதே பெரும்பாடு. பூத் ஸ்லிப் கொடுக்க வருகிறவரைவிடக் கைப்பேசியில் வரும் காணொளிதான் அங்கே முதலில் போய்ச் சேர்கிறது.

எண்களும் இதையே சொல்கின்றன. 2019இல் கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யம் மாநில அளவில் 4 சதவீதத்துக்கும் குறைவாகவே வாங்கியது. ஆனால் கோவை, தென்சென்னை, அம்பத்தூரும் மதுரவாயலும் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆகிய தொகுதிகளில் தலா ஒரு லட்சத்தைத் தாண்டியது. நகர்ப்புறத்தில் எந்தப் பெரிய கட்சிக்கும் கட்டுப்படாத ஒரு கூட்டம் இருக்கிறது என்பதை அது காட்டியது. இரண்டே ஆண்டில் அதில் ஒரு பகுதி கலைந்தும் போனது. ஒரு கட்சியை விட்டவர்கள் இன்னொன்றில் ஒட்டிக்கொள்வதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக முடிவெடுக்கிறார்கள்.

ஐரோப்பாவோடு முழுமையாகப் பொருத்திப் பார்க்கவும் கூடாது. நம்மிடம் சாதி இன்னும் தளரவில்லை. நலத்திட்டங்கள் வழியாக அரசுக்கும் குடும்பத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பணப் பட்டுவாடா என்ற நோயும் இருக்கிறது. கட்சிப் பிடிப்பு தளர்ந்த இடத்தை இவை மூன்றும் நிரப்புகின்றன.

மூன்றாவது கட்சிக்கு எங்கே இடம்?

1996இல் மதிமுக 4 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஒரு சட்டமன்ற இடமும் பெறவில்லை. 2006இல் தேமுதிகவுக்கு 8.38 சதவீதம், ஜெயித்தது விருத்தாசலத்தில் விஜயகாந்த் ஒருவர் மட்டும். 2016இல் ஆறு கட்சிகள் சேர்ந்த மக்கள் நலக் கூட்டணிக்கும் தனித்து நின்று 5 சதவீதம் வாங்கிய பாமகவுக்கும் ஒன்றுமில்லை. அதே தேர்தலில் அதிமுகவுக்கும் திமுக அணிக்கும் இடையே ஒரு சதவீதம்தான் வித்தியாசம். 2019இல் தினகரனின் அமமுக 5 சதவீதத்தைத் தாண்டியும் வெறுங்கை.

நாம் தமிழர் மட்டும் விடாமல் தனித்தே நின்று 2016இல் ஒரு சதவீதம், 2021இல் 6.6 சதவீதம், 2024இல் 8 சதவீதம் என்று ஏறியது. அந்தத் தேர்தலில் பழைய கரும்பு விவசாயி சின்னம் கூடக் கிடைக்கவில்லை. மைக் சின்னத்தில் நின்று மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றது. இடம் மட்டும் கிடைக்கவில்லை.

இந்த முறையின் கூர்மை இதுதான். மாநிலமெங்கும் பரவிய ஓட்டு 10, 15 சதவீதத்தில் நின்றால் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. எதிரிகள் பிரிந்திருக்கும்போது 35ஐ நெருங்கினால் ஏறக்குறைய எல்லாமே கிடைக்கும். 2005இல் விஜயகாந்த், 2018இல் கமல், 2024இல் விஜய் என்று யார் கட்சி தொடங்கினாலும் இந்தப் பள்ளத்தை ஒரே தாவலில் தாண்ட வேண்டும். அல்லது தாண்டியவரின் தோளில் ஏற வேண்டும்.

விகிதாசாரம் வந்தால் தீருமா?

2024 வாக்கை அப்படியே விகிதாசாரத்தில் பிரித்தால் திமுக அணிக்கு 18 அல்லது 19, அதிமுக அணிக்கு 9, பாஜக அணிக்கு 7, நாம் தமிழருக்கு 3 இடங்கள் என்ற அளவில் வந்திருக்கும். முறை மாறினால் ஓட்டுப்போடும் விதமும் மாறும் என்பதால் இது வெறும் மதிப்பீடுதான். அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கோரிக்கை எழுந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. நிலையான அரசு அமையாது என்பது அவர் கவலைகளில் ஒன்று. ஆனால் மாநிலங்களவைக்கு எம்எல்ஏக்கள் ஓட்டுப்போடும்போது நாம் விகிதாசார முறையைத்தான் பின்பற்றுகிறோம்.

விகிதாசாரம் எல்லோருக்கும் நியாயம் செய்துவிடும் என்று நம்புவதற்கு முன் பாக்கு நீரிணையைத் தாண்டிப் பார்க்கலாம். இலங்கையில் விகிதாசார முறைதான். மாவட்டத்தில் முதலிடம் பிடிக்கும் கட்சிக்கு ஒரு போனஸ் இடமும் உண்டு. 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இடங்களுக்கு ஏராளமான தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் போட்டிபோட்டன. தமிழ் வாக்கு துண்டுதுண்டானது. தெற்கை மையமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி 25 சதவீதத்துக்குக் குறைவான வாக்கில் முதலிடம் பிடித்து 3 இடங்களை எடுத்தது. தமிழரசுக் கட்சிக்கு ஒன்றே ஒன்று. அளவுக்கு மீறிச் சிதறினால் எந்த முறையிலும் அடி விழும்.

வீணான ஓட்டா?

தோற்ற கட்சிக்குப் போட்ட ஓட்டு வீண் என்கிறார்கள். தேமுதிகவின் கணக்கு அதை மறுக்கிறது. 2006இல் 8.38 சதவீதத்துக்கு ஓர் இடம். 2011இல் வாக்கு 7.9 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அதிமுக கூட்டணியில் 41 தொகுதி வாங்கி 29ஐ ஜெயித்தது, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். ஓட்டு கூடவில்லை, 2006இல் வீணானதாகச் சொல்லப்பட்ட ஓட்டுதான் பேரத்தில் 41 தொகுதிகளாக மாறியது.

ஐரோப்பிய வாக்காளரின் சிதறல் நாடாளுமன்றத்துக்குள்ளேயே எல்லோர் கண்ணிலும் படுகிறது. நம்முடையது சீட்டுப் பங்கீடு நடக்கும் மூடிய அறைக்குள் போய் முதலீடாகிறது. முதலீடு வாக்காளருடையது, அதை எங்கே போடுவது என்று முடிவெடுப்பது தலைவர்கள். கூட்டணி உடன்பாட்டில் எத்தனை தொகுதி என்ற எண் மட்டும்தான் வெளியே வருகிறது. எந்தக் கோரிக்கைக்காகச் சேர்ந்தார்கள் என்பது வருவதில்லை. ஜெர்மனியில் கூட்டணிக் கட்சிகள் எந்தச் சட்டம், எந்த வரி, எந்தத் திட்டம் என்று பல பக்கங்களுக்கு ஒப்பந்தம் எழுதி வெளியிட்டுவிட்டுத்தான் ஆட்சியில் அமர்கின்றன. தேர்தல் முறையை மாற்றுவதற்கு அரசியலமைப்பு விவாதம் வேண்டியிருக்கலாம். இந்த ஒரு பழக்கத்தைக் கொண்டுவர எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் வாசலிலேயே கேட்டுவிடலாம்.